அரிசிப் பைக்கு சீட் பெல்ட்

பிரேசர் டவுனில் மெக்கானிக் அன்வர் பாயின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுகொண்டு, காலை ஒன்பது மணிக்கு, நான் ஓர் அரிசிப் பைக்கு சீட் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாதாரண பெல்ட் இல்லை. குழந்தைகளுக்கான இருக்கை அது. தோள் இரண்டுக்கும் பட்டை, இடுப்புக்குப் பட்டை, கால்களுக்கு நடுவே ஒரு பட்டை. எல்லாம் வந்து நெஞ்சில் ஒரு கொக்கியில் சேரும். அரிசிக்குத் தோள் கிடையாது. பட்டை வழுக்கி வழுக்கி விழுந்தது. பையின் மேல் மூலைகள் இரண்டையும் பிடித்து இழுத்து, முறுக்கி, தோள் மாதிரி செய்தேன்.

"டெய்லி பாப்பாவுக்கு எப்படி போடுவீங்களோ அப்படியே போடுங்க மேடம்," என்றார் அன்வர் பாய். அவர் குரல் சற்று அடைத்துக் கேட்டது. காரின் டிக்கிக்குள் படுத்திருந்தார்.

காருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் என் கணவர் பிரவீன் ஹெல்மெட்டோடு தயாராக இருந்தார். பின்னிருக்கையில் என் மாமனார், சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அரிசியின் நெஞ்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். அப்படிப் பார்க்கவேண்டும் என்றுதான் இருக்கையின் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.

இத்தனையும் ஒரு சத்தத்துக்காக.

ஒத்திகை

என் மகள் ரூத்துக்கு ஒரு வயது முடியச் சில வாரங்கள் இருந்தன. மழைக்காலம். எனக்கு விடுப்பு முடியப் போகிறது. நான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு பிசிக்ஸ் எடுக்கிறவள். பள்ளிக்குப் போகிற வழியில் ரூத்தை ஒரு டேகேரில் விட்டுவிட்டுப் போகவேண்டும். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரம்.

எங்கள் புதுக் காரை எடுத்துக்கொண்டு பிரவீன் விடிந்ததும் ஊரின் மறுகோடிக்கு ஆபீஸ் போய்விடுவார். எனக்கு மிஞ்சியது மாமாவின் கார்.

மாமா என்றால் மாமனார். அவர் கார் அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. வட்ட விளக்கு, உருண்ட முதுகு, மோர் நிறம். சனிக்கிழமை தோறும் பழைய பனியனால் துடைப்பார். எங்கள் சர்ச்சில் கல்யாணம் என்றால் பாதி மணப்பெண்கள் அந்தக் காரில்தான் வந்து இறங்குவார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். அதில் பின் சீட்டுக்கு பெல்ட்டே கிடையாது. பேத்தி பிறந்ததும் மாமா தானே அலைந்து திரிந்து பெல்ட் பொருத்திக்கொண்டு வந்தார். அந்தக் காரை எனக்கு ஓட்டத் தந்தது சின்ன விஷயம் இல்லை.

பள்ளி சேர மூன்று வாரம் இருக்கும்போதே நான் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டேன். இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பால் பாட்டிலைக் கொதிக்க வைத்தது ஏழு நிமிடமா எட்டு நிமிடமா என்று சந்தேகம் வந்து, அடுப்பை அணைத்து, தண்ணீரை மாற்றி, முதலிலிருந்து கொதிக்க வைத்த கதையைப் போன வாரம்தான் எழுதினேன்.

தினமும் ஒன்பது மணிக்கு ரூத்தைப் பின்னால் கட்டி உட்கார வைத்து, டேகேர் வாசல் வரைக்கும் ஓட்டிப்போய், உள்ளே போகாமல் திரும்பி வருவேன். அங்கிருந்த ஆயா முதல் இரண்டு நாள் கேட்டைத் திறந்தார். மூன்றாம் நாளிலிருந்து உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினார்.

நான்காம் நாள் அந்தச் சத்தம் வந்தது.

பின்னாலிருந்து, அடியிலிருந்து. கிரைண்டரில் அரிசி போடாமல் ஓடவிட்டால் கல்லும் கல்லும் உரசுமே, அந்த மாதிரி. கர்ர்ர்ர். வேகம் கூட்டினால் கூடியது. குறைத்தால் குறைந்தது. ரூத் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே.

சக்கரம் கழன்று ஓடப்போகிறது என்று முடிவு செய்தேன். மிச்ச தூரத்தை நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். ஒரு தள்ளுவண்டிக்காரர் என்னை முந்திக்கொண்டு போனார்.

எனக்கு மட்டும்

மாமா அன்றைக்கே ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. மாலையில் பிரவீன் ஓட்டிப் பார்த்தார். இல்லை. நான் ஓட்ட, பிரவீன் ரூத்தோடு பின்னால் உட்கார்ந்து வந்தார். இல்லை. நான் மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் இல்லை.

மறுநாள் காலை, நானும் ரூத்தும். கர்ர்ர்ர்.

வண்டியை ஓரங்கட்டி, போனில் பதிவு செய்துகொண்டு வந்தேன். வீட்டில் போட்டுக் காட்டினால் ஹார்ன் கேட்டது, என் மூச்சு கேட்டது, "இதோ, இதோ" என்று நான் சொல்வது கேட்டது. அது மட்டும் கேட்கவில்லை. புதுப் போன்கள் தேவையில்லாத இரைச்சலைத் தாமாகவே நீக்கிவிடும் என்று பிரவீன் விளக்கினார். எனக்கு அது சமாதானமாக இல்லை. போன்கூட என் பக்கம் இல்லை என்றுதான் தோன்றியது.

அதன்பிறகு வீட்டில் யாரைப் பார்த்தாலும் சத்தத்தைச் செய்து காட்டச் சொன்னார்கள். நான் செய்து காட்டினேன். அத்தை, அதாவது மாமியார், கொஞ்ச நேரம் யோசித்து, தொண்டைக்கு ஏலக்காய் போட்ட பால் தரட்டுமா என்றார்கள். ரூத்துக்கு மட்டும் அது பிடித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கைதட்டினாள்.

நான் பள்ளி சேர ஒரு வாரமே இருந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பிரியாணி சாப்பிடும்போது பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. யாரும் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிரவீன் என் தட்டில் முட்டையை எடுத்து வைத்து, பிரசவத்துக்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமே இல்லை என்றார். அத்தை, தனக்கும் பிரவீன் பிறந்தபோது யாரோ கதவைத் தட்டுகிற மாதிரியே இருந்தது என்றார்கள். யார் தட்டினது என்று மாமா கேட்டார். யாரும் தட்டவில்லை, அதுதான் விஷயம் என்றார்கள் அத்தை.

மறுநாள் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கேட்டதற்கெல்லாம் அழுத்தினேன். கேட்ட மாதிரி இருந்ததற்கும் அழுத்தினேன். பிறகு, அப்படி அழுத்தியது தப்போ என்று வெளியே வந்து டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் காகிதத்தைப் பார்த்து, அவையும் நிஜமான சத்தங்கள்தான், சாதாரணமாக யாருக்கும் கேட்காது என்றார். காது பிரமாதம்.

காது நன்றாக இருக்கிறது. கார் நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியிருந்தது நான்.

அன்று சாயங்காலம் மாமா ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சத்தம் வண்டியில இருந்தா வண்டிய சரி பண்ணலாம்மா," என்றார். "இல்லன்னா, அடுத்த திங்கக்கிழமை நீ பாப்பாவ வெச்சு ஓட்ட வேணாம். லீவை நீட்டிக்க சொல்லிப் பாரு."

அவர் சொன்னது நியாயம்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இல்லாத சத்தம் கேட்கிற ஒருத்தி ஓட்டுகிற வண்டியில் நானும் என் மகளை ஏற்ற மாட்டேன்.

மல்லேஸ்வரத்து மாஸ்டர்

நான் கார் ஓட்டக் கற்றது கல்யாணத்துக்கு முன்பு, மல்லேஸ்வரத்தில். மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. நான் தப்புச் செய்யும் ஒரு நொடி முன்னால் அவர் கால் அதில் இறங்கிவிடும். வண்டி மெதுவாக முனகிக்கொண்டு நிற்கும். அவர் ஜன்னலுக்கு வெளியே பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

லைசென்ஸ் வாங்கினபிறகுதான் எனக்குத் தெரிந்தது, நான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்ததில் பாதியை அவர் பிடித்து வைத்திருந்தார் என்று. தனியாக ஓட்டியபோது கார் சோப்புப் போட்ட தரையில் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. இத்தனை சுதந்திரம் எதற்கு என்று இருந்தது.

கேட்டால்தான் திறப்பேன்

அன்வர் பாய்க்கு நாற்பது வயது இருக்கும். மாமாவின் காரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. சத்தம் என்று வருகிற வண்டியை, அந்தச் சத்தத்தைத் தன் காதால் கேட்காமல் அவர் திறக்க மாட்டார். ஸ்பானரைக்கூட எடுக்க மாட்டார். ஒருமுறை யாரோ சொன்னதை நம்பி ஒரு வண்டியின் பின் ஆக்ஸிலை முழுக்கப் பிரித்துவிட்டு, கடைசியில் பின் சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த பித்தளைக் குத்துவிளக்கைக் கண்டுபிடித்தாராம். அன்றிலிருந்து இந்தக் கொள்கை.

என்னையும் சத்தம் செய்து காட்டச் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில், இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னிலையில் செய்தேன்.

"நிக்காம வருதா மேடம், இல்ல விட்டு விட்டு வருதா? கர்ர்ர்ரா, கர்-கர்-கர்ரா?"

"கர்ர்ர்," என்றேன். அவர் தலையை ஆட்டி பேரிங் என்பது போல ஏதோ சொன்னார். உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "கர்-கர்ராவும் இருக்கலாம்," என்றேன்.

"கர்-கர்னா பிரேக் டிரம்மு."

"நடுவுல ஒண்ணு உண்டா?"

அவர் தானே ஓட்டிக்கொண்டு மாஸ்க் ரோடு வரை போய்வந்தார். வண்டி தேன் மாதிரி ஓடுகிறது என்று சொல்லிச் சாவியை மாமாவிடம் நீட்டினார். மாமா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார்.

இதற்குமேல் என்ன இருக்கிறது என்று நான் வெளியே வந்துவிட்டேன். அன்வர் பாய்தான் பின்னாலேயே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எப்பெல்லாம் வருது சொன்னீங்க?"

நானும் ரூத்தும் மட்டும் இருக்கும்போது என்றேன். அவர் அதை எங்கள் வீட்டார் எடுத்துக்கொண்ட மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பார்வையில் அது என்னைப் பற்றிய தகவல் இல்லை, வண்டியைப் பற்றிய தகவல்.

"அப்போ அதே ரோடு, அதே டைம், அதே டிரைவர், அதே வெய்ட்டு. ஒண்ணும் மாறக் கூடாது. பாப்பா எத்தனை கிலோ?"

"ஒன்பது கிலோ அறுநூறு கிராம்." டாக்டர் எழுதின அட்டை என் பையில் இருந்தது. காட்டினேன்.

"பாப்பா வேணாம். வேற எதையாவது வெய்ட்டுக்கு கொண்டாங்க. ஸாட்டர்டே வாங்க. நான் டிக்கில படுத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை நான் பத்துக் கிலோ சோனா மசூரிப் பையைப் பிரித்து, சமையலறைத் தராசில் வைத்து வைத்து, சரியாக நானூறு கிராம் எடுத்தேன். ரூத் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்து இன்னொரு ஐம்பது கிராம் எடுத்தேன். அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை ஜெபத்தில் என் பெயர் இரண்டு தடவை வந்தது.

டிக்கியில் இரண்டு கால்

அப்படித்தான் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நாங்கள் கிளம்பினோம். ரூத் வீட்டில் அத்தையிடம். முன்னால் நான், பின் சீட்டில் அரிசி, டிக்கியில் அன்வர் பாய். அவர் உயரமானவர். டிக்கிக் கதவை முழுக்க மூட முடியவில்லை. கயிறு போட்டுப் பாதியில் கட்டியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெளியே தொங்கின. பின்னால் ஸ்கூட்டரில் கணவரும் மாமனாரும்.

கோல்ஸ் ரோடு திரும்பியதும் சத்தம் வந்தது.

கர்ர்ர்ர். விட்டு விட்டு இல்லை. நிற்காமல். இத்தனை நாளாக எனக்கு மட்டும் கேட்ட அதே சத்தம். டிக்கியிலிருந்து தகரத்தை யாரோ குத்துகிற ஒலி வந்தது. அவர் கேட்டுவிட்டார் என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணத்தில் டிராஃபிக் கான்ஸ்டபிள் கையைக் காட்டிவிட்டார்.

"ஒளகெ யாரு?" என்றார், டிக்கியைக் காட்டி. உள்ளே யார் என்று கேட்கிறார்.

கண்ணாடியை இறக்கி, மெக்கானிக் என்றேன். அவர் கால்களைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். அரிசிப் பையைப் பார்த்தார், பெல்ட்டோடு. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத பார்வை.

அதற்குள் மாமா ஸ்கூட்டரிலிருந்து இறங்கி ஓடி வந்துவிட்டார். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊர். மாமாவின் கன்னடம் தமிழைவிடச் சுத்தம். மருமகளுக்கு ஒரு சத்தம் கேட்கிறது, வேறு யாருக்கும் கேட்கவில்லை, பேத்திக்குப் பதிலாக அரிசி, என்று அவர் ஒழுங்காக வரிசையாக எடுத்துச் சொன்னார். ஒழுங்காகச் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. டிக்கிக்குள்ளிருந்து அன்வர் பாய் உர்தூவில் ஏதோ சேர்த்துச் சொன்னார். பிரவீன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

டிக்கியில் ஆள் ஏற்றினால் எந்தப் பிரிவில் எழுதுவது என்று கான்ஸ்டபிள் யோசித்திருக்க வேண்டும். கடைசியில் ஆர்வம் ஜெயித்துவிட்டது. மெதுவாக நகர்த்தச் சொன்னார். நான் நகர்த்தினேன். அவர் குனிந்து, தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தபடியே கூட நடந்தார்.

இருபது அடி நடந்திருப்பார். நிமிர்ந்தார்.

"சவுண்ட் பர்தா இதெ ரீ," என்று மாமாவிடம் சொன்னார்.

சத்தம் வருகிறது. அரசாங்கச் சீருடை போட்ட ஒருவர், என்னை முன்பின் தெரியாதவர், நடுரோட்டில் நின்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி கெட்டுப்போயிருக்கிறது. நிஜமாகவே கெட்டுப்போயிருக்கிறது. டிக்கியிலிருந்து இறங்கி வந்த அன்வர் பாய், "சத்தம் இருக்கு மேடம், சூப்பரா இருக்கு," என்றார். பிரவீன் வந்து என் தோளைத் தட்டினார், நான் ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி. மாமா மட்டும் தன் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், சந்தோஷப்பட முடியாதவர் அங்கே அவர் ஒருவர்தான்.

ஒரு க்ளிக்

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் இரும்புக் கால்கள் கொடுத்து நிறுத்தினார்கள். பின் சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. நான் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அன்வர் பாய் சொல்லிவிட்டார். அரிசியும்தான்.

"ஸ்டார்ட் பண்ணி ஃபர்ஸ்ட் கியர் போடுங்க."

போட்டேன். சக்கரங்கள் காற்றில் சுற்றின. கர்ர்ர்ர் என்றது. அன்வர் பாய் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்திலிருந்து வரவில்லை, நடுவிலிருந்து வருகிறது என்றார். பேரிங்கும் இல்லை, டிரம்மும் இல்லை. அவர் நெற்றியைச் சுருக்குவதை அன்றுதான் பார்த்தேன்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்பதற்காக உள்ளே குனிந்தார்.

"இதென்னம்மா, கைப்பிரேக் லேசா மேல இருக்கு?" என்று சொல்லி, அதைக் கீழே தள்ளினார்.

சத்தம் நின்றது.

"இப்ப என்ன பண்ணீங்க அங்கிள்?" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

"ஒண்ணும் பண்ணலையேப்பா. கைப்பிரேக் ஒரு க்ளிக் ஏறி இருந்துச்சு. இறக்கினேன்."

"ஏத்துங்க."

க்ளிக். கர்ர்ர்ர்.

"இறக்குங்க."

நிசப்தம்.

நான் எஞ்சினை அணைத்தேன். அன்வர் பாய் எழுந்து வந்து கண்ணாடிப் பக்கம் நின்றார். பிரவீனும் வந்தார். மூன்று பேரும் என்னைக் குனிந்து பார்த்தார்கள். அந்தக் காரில் கைப்பிரேக் ஏறியிருந்தால் எரிகிற விளக்கெல்லாம் கிடையாது. ஏற்றியவளுக்கு மட்டும்தான் தெரியும். ஏற்றியவளுக்கே அது தெரியவில்லை என்பதுதான் உண்மை. கை தானாகச் செய்துகொண்டிருந்தது.

"பாப்பா பின்னாடி தனியா இருக்கும்போது மட்டும்தான்," என்றேன். "ஒரே ஒரு க்ளிக். யாரோ கூடச் சேர்ந்து கொஞ்சம் புடிச்சிக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கும்."

ஏழு வருடமாக நான் பிள்ளைகளுக்கு உராய்வு பற்றிப் பாடம் எடுக்கிறேன்.

பிரவீன்தான் மெதுவாகக் கேட்டார்: "இன்னிக்கு ரூத் இல்லையே ஜெனி."

திரும்பிப் பார்த்தேன். முறுக்கிய தோள்களோடு, நெஞ்சில் கொக்கியோடு, அது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"அரிசி இருந்துச்சே," என்றேன்.

முதலில் சிரித்தது மாமா. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்வர் பாய் சிரிக்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நானும் சிரித்தேன். சத்தம் இருந்தது, சரி. ஆனால் அதைச் செய்தது நானா?

அன்வர் பாய் மறுபடி அடியில் போனார். இந்த முறை ஸ்பானரோடு. கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பிக் கயிற்றை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். கைப்பிரேக்கிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற கேபிள். அதைத் தாங்கிப் பிடிக்கிற கிளிப் எப்போதோ துருப்பிடித்து உடைந்து விழுந்திருக்கிறது. கைப்பிரேக் இறங்கியிருந்தால் கேபிள் தளர்ந்து தொங்கும், ஒன்றையும் தொடாது. ஒரு க்ளிக் ஏற்றினால் விறைத்து மேலே எழும்பி, சுற்றுகிற ஷாஃப்ட்டில் உரசும். நான் ஓட்டின நாளெல்லாம் உரசி, கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மூன்றோ நான்கோ மிச்சம் இருந்தன.

"மேட்டுல நிறுத்தி முழுசா இழுத்திருந்தா பட்டுனு போயிருக்கும்," என்றார்.

டேகேர் இருப்பது மேட்டில். ரூத்தைப் பின்னால் வைத்துவிட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, நான் இறங்கிப்போய்க் கேட் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பழகியிருக்கிறேன். மூன்று தடவை.

சத்தத்தைக் கவனித்ததால் நான் என் மகளைக் காப்பாற்றினேனா, கைப்பிரேக்கை ஏற்றி நானே அவளை அந்த இடத்துக்குக் கொண்டுபோனேனா? பிரவீன், கிளிப் உடைந்தது உன் தப்பு இல்லை என்றார். ஆனால் நீ அந்த ஒரு க்ளிக் ஏற்றாமல் இருந்திருந்தால் கேபிள் அறுந்திருக்காது என்றும் அவரே சொன்னார். நேர்மையான மனிதர். அதனால்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

நான் அன்வர் பாயைக் கேட்டேன். யாராவது ஒருவர் எனக்கு இதைத் தீர்த்துச் சொல்ல வேண்டும்.

"ரெண்டும் நீங்கதான் மேடம்," என்றார் அவர், புதுக் கேபிளின் உறையைக் கிழித்துக்கொண்டே.

இன்றுவரைக்கும் இதைவிடச் சரியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

வேலை முடிந்ததும் மாமா இக்னிஷனிலிருந்து சாவியை உருவினார். கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் சட்டைப் பை என் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவ நீயே கூட்டிட்டுப் போ," என்றார். "கிளம்பறதுக்கு முன்னாடி கைப்பிரேக் கீழ இருக்கான்னு பாரு. ஒரு தடவை பாரு. ரெண்டாவது தடவை பாக்காத."

சாவி என் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு லேசான தூறல். ரூத்தைக் கட்டினேன். இரண்டு விரல் நுழைத்துப் பார்த்தேன். கைப்பிரேக்கை இறக்கினேன். ஒரு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை பார்க்காமல் இருப்பதற்காக எதிரே இருந்த தபால்பெட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டே கிளம்பினேன்.

கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. சத்தமே இல்லை. அமைதி பயமாகத்தான் இருந்தது, ஆனால் ஓட்டினேன். ஒரு சிக்னல் தாண்டியது. இரண்டாவது சிக்னல் தாண்டியது.

அப்புறம் பின்னாலிருந்து அது கேட்டது.

முன்பு கேட்டது இல்லை. மெல்லிசாக, நறநறவென்று, எதையோ எதன்மீதோ வைத்துத் தேய்ப்பது போல. வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டினேன். கைப்பிரேக்கை முழுக்க இழுத்தேன். புதுக் கேபிள் பிடித்தது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். தூறலில் நின்று பின் சக்கரத்தருகில் குனிந்தேன். ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து பஞ்சரா என்று கேட்டுவிட்டுப் போனார். இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் அணைந்திருக்கிறது. சக்கரம் நிற்கிறது. சத்தம் நிற்கவில்லை.

பின் கதவைத் திறந்தேன்.

ரூத் கூரையைப் பார்த்துக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு, கீழ்ப் பற்கள் இரண்டையும் மேலே எதிலோ வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து பார்த்தேன். மேல் ஈறில் இரண்டு வெள்ளை முனைகள். புத்தம் புதுசு. பாட்டில் கொதித்த நிமிடத்தைக்கூட நோட்டில் எழுதி வைக்கிறவள் நான். என் மகளுக்கு மேல் பல் வந்ததை அந்த ஒரு வாரமும் கவனிக்கவே இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நிறுத்தினாள். பிறகு எனக்குக் காட்டுவதற்காகவே இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக, அரைத்துக் காட்டினாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தேன். மேட்டில் ஏறி டேகேர் வாசல் வரும் வரைக்கும் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் எங்கேயும் நிறுத்தவில்லை.